பாரியோவுக்கு எத்தனை தூரம்?

சரவாக் மாநிலத்தில் பாராம் ஆற்றங்கரையில் இருக்கிறது மருடி என்னும் சிறு பட்டணம். கெலாபிட் மக்கள் வாழும் பாரியோவோ கலிமந்தான் எல்லையோரம், கடல்மட்டத்துக்கு 1,000 மீட்டருக்கு மேல் அமைந்த மலைச் சமவெளி. இரண்டுக்கும் இடையே ஆகாய வழியில் சுமார் 140 கிலோமீட்டர்.

அங்கே பறப்பது 19 பேர் அமரும் டுவின் ஓட்டர் விமானம். மணிக்கு ஏறக்குறைய 280 கிலோமீட்டர் வேகம். அப்படியானால் அரை மணி நேரம்தானே என்று நம் பிள்ளைகள் உடனே கணக்குப் போட்டுவிடுவார்கள். ஆனால் மேலே ஏறவும் கீழே இறங்கவும் நேரம் பிடிக்கும்; ஆக, சுமார் நாற்பது நிமிடம். அதுவும் வானம் தெளிந்திருந்தால்தான். மலையில் மேகம் கவிந்துவிட்டால் பயணமே நின்றுவிடும். சிறு விமானம் என்பதால் பெட்டியோடு பயணியையும் தராசில் நிறுத்துப் பார்த்துத்தான் ஏற்றுவார்கள்.

தரை வழி இல்லையா? உண்டு. மீரியிலிருந்து மரம் வெட்டுவோர் போட்ட மண்சாலையில் ஜீப்பில் பன்னிரண்டு மணி நேரம்கூட ஆகலாம். மழை பெய்தால் இன்னும் மோசம். மழைக்காலத்தில் தோட்டத்துச் செம்மண் சாலையில் லாரி புதைந்து நின்றதைக் கண்டவர்களுக்கு இது புரியும்.

பாரியோவில் கிளினிக் உண்டு. பெரிய வைத்தியத்துக்கு மருடிக்கோ மீரிக்கோதான் போக வேண்டும். பிரசவ வலி கண்ட தாய்க்கு நாற்பது நிமிடமும் பன்னிரண்டு மணி நேரமும் ஒன்றாகுமா?

பெற்றோர்களே, தூரத்தைப் பற்றிப் பிள்ளைகளிடம் பேசும்போது எத்தனை கிலோமீட்டர் என்பதோடு, எத்தனை நேரம் என்றும் கேளுங்கள்.