ஜி.எஸ்.டி. சாலையில் ஒரு கைனேஸ்

தாம்பரம் சானடோரியம். ரயிலை விட்டு இறங்கும் கூட்டத்தில் ஒரு பகுதி மெப்ஸ் ஏற்றுமதி மண்டலக் கம்பெனிகளுக்கு, ஒரு பகுதி நெஞ்சக நோய் ஆஸ்பத்திரிக்கு. ஸ்டேஷனுக்குப் பேர் கொடுத்ததே அந்த ஆஸ்பத்திரிதான். 1928-இல் டாக்டர் சவுரி முத்து ஆரம்பித்தது. அதற்கு முன் இங்கிலாந்தில் மெண்டிப் மலைப்பக்கம் அவர் நடத்திய சானடோரியத்தில், 1917-இல் கணிதமேதை ராமானுஜனும் நோயாளியாக இருந்திருக்கிறார். நல்ல காற்று, சாப்பாடு, ஓய்வு: டிபிக்கு அன்றைக்கு அவ்வளவுதான் வைத்தியம்.

*

இந்த வழியில் போகும்போது நான் படித்துக்கொண்டிருப்பது, டிபியோடும் தொடர்புள்ள ஏபிஎல் கைனேஸ்கள் பற்றி. கைனேஸ் என்பது செல்லின் ஆற்றல் மூலக்கூறான ஏடிபியிலிருந்து ஒரு பாஸ்பேட்டைக் கழற்றி இன்னொரு புரதத்தின் மேல் மாட்டிவிடும் நொதி. மாட்டியதும் அந்தப் புரதத்தின் போக்கே மாறும். மனித உடம்பில் 500-க்கும் மேற்பட்ட கைனேஸ்கள் உண்டு. ஏபிஎல் குடும்பத்தில் இரண்டே பேர்: ஏபிஎல்1, ஏபிஎல்2. இவற்றின் ஒரு கோடியில் ஆக்டின் இழையைப் பற்றிக்கொள்ளும் பகுதி இருக்கிறது. அந்த இழைகளாலான செல்லின் உட்சட்டகத்தின் மேலேயே உட்கார்ந்து அதை நிர்வகிக்கிற நொதி.

*

குரோம்பேட்டையில் புது ஃப்ளாட்டுக்குச் சவுக்குச் சாரம் கட்டியிருக்கிறார்கள். இந்தப் பக்கம் அவிழ்த்த கம்பு அந்தப் பக்கம் ஏறுகிறது. ஆக்டினும் அப்படித்தான், ஒரு முனையில் சேரும், மறுமுனையில் கழலும். செல் நகர்வது, ஒட்டிக்கொள்வது, இரண்டாகப் பிரிவது, கிருமியை விழுங்குவது எல்லாம் இதை நம்பித்தான். எங்கே கட்டுவது, எப்போது அவிழ்ப்பது என்பதில் ஏபிஎல்லுக்கும் பங்கு உண்டு.

பழ ஈயில் இதற்கு ஒரு நல்ல சாட்சி. ஏபிஎல் ஜீன் கெட்டுப்போன ஈ வளர்ந்து முடிப்பதற்குள் செத்துவிடும். 'இனேபிள்ட்' என்ற இன்னொரு ஜீனின் இரண்டு பிரதியில் ஒன்றைக் குறைத்தால் பிழைத்துக்கொள்கிறது. 1990-இல் ஃபிராங்க் கெர்ட்லர் குழு கண்டது. இனேபிள்ட் ஆக்டின் இழையை நீட்டிவிடும் புரதம் என்பது பின்னால்தான் தெரியவந்தது. ஏபிஎல் அதற்குக் கடிவாளம்.

*

அந்தக் கடிவாளக்காரருக்கே ஒரு பூட்டு இருக்கிறது. ஏபிஎல்1 சங்கிலியின் முன்நுனியில் மிரிஸ்டிக் அமிலம் என்ற கொழுப்பு வால். அது வளைந்து வந்து, கைனேஸின் முதுகில் உள்ள ஒரு குழிக்குள் நுழைந்துகொள்ளும். நுழைந்திருக்கும் வரை நொதி அடங்கிக் கிடக்கும்.

சிஎம்எல் என்கிற இரத்தப் புற்றுநோயில் 9-ஆம் குரோமோசோமின் துண்டும் 22-ஆம் குரோமோசோமின் துண்டும் இடம் மாறுகின்றன. மாறிச் சிறுத்த 22-ஐ 1960-இலேயே ஃபிலடெல்ஃபியாவில் பார்த்துவிட்டார்கள்; இடமாற்றம் என்று 1973-இல் சொன்னவர் ஜேனட் ரௌலி. மாற்றத்தில் ஏபிஎல்லின் முன்நுனி போய், அந்த இடத்தில் பிசிஆர் என்ற புரதத்தின் துண்டு ஒட்டிக்கொள்கிறது. பூட்டு போயிற்று, ஆக்டினைப் பற்றும் கோடி மட்டும் அப்படியே இருக்கிறது. ஓயாமல் பாஸ்பேட் மாட்டும் நொதி, சட்டகத்தின் மேலேயே. செல்கள் பெருகுகின்றன. எலும்பு மஜ்ஜையில் ஒட்டி இருந்து முதிர வேண்டிய வெள்ளணுக்கள் பிடி தளர்ந்து, இளசாகவே இரத்தத்துக்கு வந்துவிடுகின்றன. வேறு எதற்கோ எடுத்த இரத்தப் பரிசோதனையில் வெள்ளணு எண்ணிக்கையைப் பார்த்துத் திடுக்கிட்டுப் போகிறவர்கள் நிறைய.

*

இந்த நொதியை அடக்க வந்த மருந்து இமாடினிப். அமெரிக்காவில் 2001 மே மாதம் அனுமதி. ஏடிபி வந்து உட்காரும் இடத்தில் போய் உட்கார்ந்து, நொதியை அடங்கிய நிலையிலேயே நிறுத்திவைக்கும். தினமும் மாத்திரை, வீட்டிலேயே. டிபியிலும் வைத்தியம் இப்படி வீட்டுக்கு வந்தது: வீட்டில் மருந்து சாப்பிட்டவர்களும் சானடோரியத்தில் படுத்தவர்களும் ஏறக்குறைய ஒரே அளவில் குணமானார்கள் என்று 1959-இல் உலகத்துக்குக் காட்டியது சென்னை சேத்துப்பட்டில் உள்ள டிபி ஆய்வு மையம்.

*

மாத்திரை வீட்டுக்கு வரலாம், விலை? நோவார்ட்டிஸ் கம்பெனி இமாடினிப்பை விற்ற கிளிவெக், 2000-களில் மாதத்துக்குச் சுமார் 1,20,000 ரூபாயாக இருந்தது. இந்தியக் கம்பெனிகளின் இமாடினிப் அப்போது 8,000 முதல் 10,000 வரை. இமாடினிப் மெசிலேட்டின் பீட்டா படிக வடிவத்துக்கு 1998-இல் கேட்ட காப்புரிமையை, சென்னை காப்புரிமை அலுவலகம் 2006 ஜனவரி 25-இல் மறுத்தது. பழைய பொருளின் புது வடிவம் என்றால், அது கூடுதலாகக் குணப்படுத்துகிறது என்று காட்ட வேண்டும்: இந்தியக் காப்புரிமைச் சட்டத்தின் 3(டி) பிரிவு. அந்தப் பிரிவே செல்லாது என்ற வழக்கைச் சென்னை உயர் நீதிமன்றம் 2007-இல் தள்ளியது. காப்புரிமை மறுப்பை உச்ச நீதிமன்றம் 2013 ஏப்ரல் 1-இல் உறுதிசெய்து முடித்துவைத்தது. இன்று அந்த அலுவலகம் கிண்டியில், தாம்பரம், குரோம்பேட்டை வழியாக வரும் இதே ஜி.எஸ்.டி. சாலையில். தாம்பரத்திலிருந்து இந்தச் சாலை வழியாகப் பஸ்ஸில் போகிறவர்கள் அதைத் தாண்டி அடையாறு கேன்சர் இன்ஸ்டிட்யூட்டுக்குத் திரும்புகிறார்கள்.

*

டிபிக் கிருமிக்கும் ஏபிஎல்லுக்கும் தொடர்பு உண்டு. நுரையீரலில் கிருமியை விழுங்கும் செல், அதை அமிலத்தில் நனைத்துக் கொல்லப் பார்க்கும். கிருமி அமிலம் ஏறாமல் பார்த்துக்கொள்ளும். ஏபிஎல்லை அடக்கினால் அமிலம் ஏறுகிறது என்று 2012-இல் மனித செல்களில் காட்டினார்கள். அதற்கு முந்தின வருஷம் எமரி பல்கலைக்கழகத்தார் எலிகளுக்கு இமாடினிப் கொடுத்துப் பார்த்ததில் கிருமி குறைந்தது. கிருமியைத் தொடாமல் நம் செல்லைத் திருத்துவதால், மருந்துக்கு மசியாத டிபியிலும் இதற்கு வேலை இருக்கலாம். ஆனால் எலி எலிதான். சானடோரியத்தில் சாதாரண டிபிக்கு இன்றும் ரிஃபாம்பிசின், ஐசோனியாசிட் வகையறாதான்.

*

இமாடினிப்புக்கும் எதிர்ப்பு வரும். ஏபிஎல் சங்கிலியில் 315-ஆம் இடத்து த்ரியோனின் ஐசோலூசினாக மாறினால் போதும், மருந்து உட்கார முடியாது. 2021-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற அசிமினிப் அந்த இடத்துக்கே போவதில்லை. கொழுப்பு வால் நுழைந்த முதுகுக் குழியில் போய் அமர்கிறது. இழந்த பூட்டை வெளியிலிருந்து மாட்டுகிற மாதிரி. அதுவும் நோவார்ட்டிஸுடையதுதான். இந்த முறை பழைய மருந்தின் புதுப் படிகம் அல்ல, மூலக்கூறே புதிது. ஆகவே கிளிவெக்கில் கைகொடுத்த அந்த வாதம் இங்கே ஓடாது. இமாடினிப் கைவிட்ட நோயாளிக்கு அடுத்த மாத்திரை என்ன விலை என்ற கேள்வியை இனி வேறு வழியில்தான் கேட்டாக வேண்டும்.