தாத்தாவின் செருப்பு

ஆண்டு மலருக்கு ஏதாவது எழுது என்று நண்பர்கள் கேட்டதும் எனக்கு ஞாபகம் வந்தது என் தாத்தாவின் செருப்புதான். சிரிக்காதீர்கள்! நானும் ஒரு நாள் சிரித்தவன்தான்.

கல்லூரி விழாவுக்கென்று பளபளப்பான ஷூ ஒன்று வாங்கினேன். ஒரு மழைக்காலம் கூடத் தாங்கவில்லை. வெள்ளிக்கிழமை, ஒடுகத்தூர் ஆட்டுச் சந்தைக்குக் கிளம்பிய தாத்தா பார்த்துவிட்டு, "இன்னாடா இது, பாம்பு சட்டை உரிக்கிற மாதிரி உரியுது?" என்றார். எனக்குக் கோபம். "உன் செருப்ப போட்டுக்கினு போனா காலேஜ்ல சிரிப்பாங்க தாத்தா" என்று சொல்லிவிட்டேன். அவர் பேசாமல் போய்விட்டார்.

ஆம்பூர் பக்கம் ஒரு டேனரியில் பட்டைக் குழியில் நின்று வேலை செய்தவர் அவர். அன்று ராத்திரி அவராகவே சொன்னார். உப்பு போட்ட தோலை ஊற வைத்து, சுண்ணாம்புக் குழியில் போட்டு முடி நீக்கி, சதை சீவி, ஆவாரம் பட்டைத் தண்ணீரில் வாரக்கணக்கில் போட்டு வைப்பார்களாம். வெயிலில் சிவந்து போகாமல் இருக்கக் கடைசியில் கடுக்காய். சாயம் கிடையாது, மினுமினுப்பும் கிடையாது. 'ஈஸ்ட் இண்டியா லெதர்' என்று கப்பலேறிய சரக்கு அது. இன்று புவிசார் குறியீடும் அதற்கு உண்டு.

1973-ல் மத்திய அரசு பாதி பதனிட்ட தோல் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு கொண்டுவந்தது. அதன்பின் குரோம் முறை வேகமாகப் பரவியது. குழியில் வாரக்கணக்கில் ஆன வேலை, டிரம்மில் ஒரே நாளில் முடிந்தது.

"அப்ப உங்க காலம்தான் நல்ல காலமா தாத்தா?" என்றேன்.

"அப்டி சொல்லாத. எங்க உப்பும் பாலாத்துலதான்டா போச்சு."

உண்மைதான். தோல் கழிவால் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுதாகவோ பாதியாகவோ பாழானதை, உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28-ல் தந்த தீர்ப்பிலேயே படிக்கலாம். பழையது எல்லாம் புண்ணியம் இல்லை. ஆனால் ஒன்று: மண்ணும் ஆறும் கொடுத்த விலைக்கு, அந்தச் செருப்பு பல வருஷம் உழைத்தது. என் ஷூ?

இன்று பெரிய நகரத்து ஸ்டைலிஸ்டுகள் 'ஸ்லோ ஃபேஷன்' என்கிறார்கள். குறைவாக வாங்கு, எளிமையாக உடுத்து, கிழிந்தால் தைத்துப் போடு. 2013-ல் டாக்கா அருகே ராணா பிளாசா கட்டடம் இடிந்து 1,100-க்கும் மேற்பட்டவர்கள் செத்த பிறகு இந்தப் பேச்சு இன்னும் பலமாகக் கேட்டது. தாத்தாவுக்கு அந்த வார்த்தை தெரியாது. அவரிடம் இருந்தது ரெண்டு வேட்டி, ஒரு செருப்பு.

போன மாதம் அந்தச் செருப்பின் வார் அறுந்தது. என் ஷூவையும் சேர்த்து பஸ் ஸ்டாண்டில் செருப்புத் தைப்பவரிடம் கொண்டு போனேன். தாத்தாவின் செருப்பை வாங்கி, தடவிப் பார்த்து, ஐந்து நிமிஷத்தில் தைத்துக் கொடுத்தார். என் ஷூவைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். "இதுல ஊசி நிக்காது தம்பி."

வீட்டுக்கு வந்து செருப்பைத் தாத்தாவின் காலடியில் வைத்தேன். மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. அவர் மாட்டிக்கொண்டு ரெண்டு அடி நடந்து பார்த்தார். "நல்லாத்தான் கீது" என்றார்.

நண்பர்களே, அடுத்த முறை கடைக்குப் போனால் விலையை மட்டும் கேட்காதீர்கள். இதில் ஊசி நிற்குமா என்றும் ஒரு வார்த்தை கேளுங்கள்.