திரைக்குள் அடங்காத மழை

தமிழ் ஆனர்ஸ் வகுப்பினராகிய எமக்குக் கணினித் துறையில் யாது வேலை என்று நண்பர் சிலர் வினவினர். அவர்க்கு விடையாகவே இதனை எழுதத் துணிந்தோம்.

2023ஆம் ஆண்டு திசம்பர்த் திங்கள் 17, 18 ஆகிய நாட்களில் எம் நாட்டை அலைக்கழித்த பெருமழையை வாசகர் மறந்திரார். அம்மழையைக் கல்லூரிப் பொருட்காட்சியில் திரையிட்டுக் காட்டும் பொருட்டு, கணினித் துறை நண்பர் ஒருவர் ஒரு காட்சிப் பலகை ஆக்கிக்கொண்டிருந்தார். டாஷ்போர்டு என்று அதனை வழங்குவர். அத்திங்களில் நாள்தோறும் பெய்த மழை ஒவ்வோர் ஊருக்கும் ஒரு வரைபடமாக நிற்கும். படத்திலுள்ள தூண் ஒன்றன்மேற் சுட்டியைக் கொண்டு சென்றால் அந்நாளின் அளவு எழுந்து தோன்றும். ஊர்ப் பெயர்களைத் தமிழிற் பிழையறப் பொறித்துத் தருதலே எமக்கிட்ட பணி. அரை மணி நேரத்து வேலையென்று எண்ணிச் சென்ற யாம் ஒரு கிழமை அங்கேயே தங்கலாயினோம்.

ஊர்களை எம்முறையில் நிறுத்துவது என்று நண்பர் கேட்டார். அகரவரிசை வேண்டா, பொதிகையினின்று கடலை நோக்கித் தாமிரபரணி செல்லும் திசையே முறையாகுக என்று பெருமிதத்தோடு கூறினோம். அங்ஙனமே பாபநாசம், அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி, திருநெல்வேலி, பாளையங்கோட்டை, ஸ்ரீவைகுண்டம், திருச்செந்தூர், காயல்பட்டினம் என எட்டுப் படங்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக அமைந்தன. அவர் கையாண்டது ப்ளாட்லி என்னும் மென்பொருள். அளவு சொல்லாதவிடத்து அது படத்தின் உயரத்தை 450 பிக்ஸல் என்று தானே கொள்ளும். எட்டுப் படங்களுக்கு 3600 ஆயிற்று. மண்டபத்துச் சுவரில் தொங்கிய திரையின் உயரமோ 1080. ஆகவே முதலிரண்டு ஊர்களும் மூன்றாவதன் தலையும் மாத்திரமே தோன்றின. எஞ்சியவை கீழே மறைந்தன. வலப்புறத்தில் உருள்பட்டை ஒன்று முளைத்தது. மேசையின்முன் இருப்பவர் அதனைப் பற்றி இழுத்துக் காண்பர். சுவரண்டை நிற்கும் விருந்தினர் எதனைப் பற்றி இழுப்பார்?

எம் உள்ளத்தைத் தைத்தது அதனினும் பெரியதொன்று. 18ஆம் நாட் காலையோடு முடிந்த இருபத்துநான்கு மணி நேரத்தில் காயல்பட்டினத்திற் பெய்தது 95 சென்டிமீட்டர். ஸ்ரீவைகுண்டம் நிலையத்தில் திருச்செந்தூரினின்று சென்னைக்குப் புறப்பட்ட ரயில் வெள்ளத்தினிடையே நின்றுபோக, நூற்றுக்கணக்கானோர் அகப்பட்டு வருந்தினர். எம் சொந்த ஊரும் ஸ்ரீவைகுண்டத்தை அடுத்ததே. மழை மிகுதியாகப் பெய்த இடங்கள் யாவும், யாம் வகுத்த முறையினாலேயே, திரைக்குக் கீழே போயின.

நண்பர் முதலிற் செய்த மருந்து எளியது: வழிந்தோடுவதை மறைத்துவிடு என்று ஒரு கட்டளை எழுதினார. பட்டை ஒழிந்தது; காயல்பட்டினமும் ஒழிந்தது. முன்னர் இழுத்தேனும் காணலாயிருந்தது, இப்பொழுது அதுவும் இயலாதாயிற்று.

அடுத்து, 1080ஐ எட்டாற் பங்கிட்டு ஒவ்வொன்றுக்கும் 135 கொடுக்கலாமென்றார். ஆயின் அம்மென்பொருள் தானே விடும் ஓரம் மேலே 100, கீழே 80. ஓரமே 180 என்றால் படத்திற்கு எஞ்சுவது யாது? இவ்விடத்தில் எமக்குச் சுவடி எழுதினோர் நினைவுக்கு வந்தனர். ஓலையின் அகலம் பனை தந்தது. அதனை நீட்டுதல் எவராலும் ஆகாது. எனவே பாட்டின் அடிகளைத் தனித்தனியே மடக்காது தொடர்ந்தெழுதி இடத்தை மிச்சப்படுத்தினர். ஆயினும் கயிறு கோக்கும் துளையைச் சுற்றி மாத்திரம் இடம் விட்டனர். தேவையான ஓரம் இன்னது, வீணான ஓரம் இன்னது என்று அவர் அறிந்திருந்தனர். இதனை நண்பரிடம் கூற, அவர் நகைத்துவிட்டு, ஓரங்களைக் குறைக்கத் தொடங்கினார்.

படங்களை நிரலாக அடுக்காமல் மேல்வரிசையில் நான்கும் கீழ்வரிசையில் நான்குமாக வைத்தோம். இப்பொழுது ஒவ்வொன்றுக்கும் 480 அகலமும் ஏறக்குறைய 500 உயரமும் கிடைத்தன. சேரன்மகாதேவி என்னும் நெடும்பெயர் இடிக்கவே, ஊரார் வாயில் வழங்குகின்ற சேர்மாதேவியை எடுத்தாண்டோம். (இலக்கண நண்பர்கள் பொறுத்தருள்க.)

பின்னர் அளவுகோலைப்பற்றி ஒரு வழக்கு எழுந்தது. ஒவ்வொரு படமும் தன்தன் உச்சத்தையே எல்லையாகக் கொள்ளின், பத்துச் சென்டிமீட்டர் மழை பெய்த ஊரும் தொண்ணூற்றைந்து பெய்த ஊரும் ஒரே உயரத் தூணாகத் தோன்றும். பொது அளவு கொள்ளின், மழை குறைந்த ஊர்களின் தூண்கள் தரையோடு ஒட்டிக் கிடக்கும். படம் அழகு குன்றும். நண்பர் அழகின் பக்கம் நின்றார். யாம் விட்டுக்கொடுத்திலேம். பொது அளவே வைத்தோம்.

இனி முடிந்தது என்றிருந்தபோது உருள்பட்டை மீண்டும் தலைகாட்டியது. பலகையின் உயரம் சாளரத்தின் உயரமே என்று, வி.எச். என்னும் அலகில் நூறாக எழுதியிருந்தார். அங்ஙனமாயின் வழியும் நீர் ஏது? ஒரு மாலை முழுதும் தேடியபின் கண்டார்: பக்கத்தின் உடலைச் சுற்றி உலாவி தானே 8 பிக்ஸல் ஓரம் விட்டுவிடுகின்றது. மேலே எட்டும் கீழே எட்டும் சேர்ந்து 1096 ஆயின. அப்பதினாறுக்காகத் தோன்றிய பட்டையோ, தானும் அகலத்திற் சிறிது கவர்ந்துகொண்டு, அடியிலும் ஒரு பட்டை தோன்றக் காரணமாயிற்று. ஓரத்தைச் சுன்னமாக்கவே இரண்டும் மறைந்தன. கைப்பேசிக்கு மாத்திரம் பழைய நெடுநிரலையே விட்டோம். உள்ளங்கை அகலத்தில் எட்டூரை நெருக்கினால் ஒன்றும் தெரியாது, அங்கே விரலால் தள்ளிக் காண்பதே முறை.

காட்சி நாளன்று எம் ஆச்சியை அழைத்து வந்தோம். அவ்வெள்ளத்தில் ஊர்க் கோயிலின் மாடியில் இரண்டு இரவு கழித்தவர் அவர். எட்டுக் கட்டங்களையும் ஒரே நோக்கில் காட்டி, கடைக் கட்டத்து நெடுந்தூணைச் சுட்டி, இதுவே காயல்பட்டினத்து மழை என்றோம். நெடுநேரம் பார்த்தார்.

“எய்யா, மழை சரி. நம்ம வீட்டுக்குள்ள வந்த தண்ணி இதுல எங்க இருக்கு?” என்றார்.

அதற்கு யாம் கட்டம் வைத்திலேம்.