நீலத்திரையும் ஒரு மாணவன் மீது விழுந்த பழியும்



விண்டோஸ் 10 இயங்குதளத்திற்கான பொது ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2025 அக்டோபர் 14 அன்று முடித்துக்கொண்டது. அதற்கு அடுத்ததான விண்டோஸ் 11, டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்பு வசதியையும் ஓரளவு புதிய செயலியையும் கேட்கிறது. இன்டெல் செயலிகளில் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையும் அதற்குப் பிந்தியவையுமே தகுதி பெறுகின்றன. நம் வீடுகளிலும் மத்ரஸாக்களிலும் உள்ள பழைய கணினிகள் பலவும் இந்த வரம்புக்கு வெளியே நிற்பவை. எங்கள் மத்ரஸா அலுவலகத்து மடிக்கணினியும் ஏழாம் தலைமுறையைச் சேர்ந்ததுதான்.

அதற்காக விண்டோஸை முற்றிலும் நீக்கிவிடவும் வழியில்லை. பல ஆண்டுகளின் வினாத்தாள்களும் ஆண்டு விழா மலர்களும் பேஜ்மேக்கரில் பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்யப்பட்டவை. அவற்றைத் திறக்க அந்தப் பழைய ஏற்பாடே வேண்டும். ஆகவே, பழைய கோப்புகளுக்கு இணையத் தொடர்பின்றி விண்டோஸ், இணையத்திற்கும் அன்றாட வேலைக்கும் உபுண்டு லினக்ஸ் என்று ஒரே கணினியில் இரண்டையும் வைத்துக்கொள்வதென முடிவாயிற்று. இதைத்தான் டூயல் பூட் என்கிறார்கள். கணினியைத் திறக்கும்போது எந்த இயங்குதளம் வேண்டும் என்று தேர்ந்துகொள்ளலாம்.

இப்பணியைச் செய்து தர முன்வந்தவன் எங்களிடம் மக்தபில் ஓதி, இப்போது பாலிடெக்னிக்கில் கணினி டிப்ளமோ படிக்கும் மாணவன். நிர்வாகத்தின் அனுமதியோடுதான் செய்தான். விண்டோஸின் வட்டு மேலாண்மைப் பகுதியிலிருந்தே பார்ட்டிஷனைச் சுருக்கி இடம் ஒதுக்கினான். ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்னும் அமைப்பை அணைத்து வைத்தான். முறைப்படி செய்ய வேண்டியவை இவையே. ஆயினும் நிறுவும் பணி முடியும் தறுவாயில் கணினி அப்படியே உறைந்து நின்றது. மீண்டும் திறந்தபோது கறுப்புத் திரையில் ‘கிரப்’ என்னும் ஒற்றைச் சொல்லும் அதன் பக்கத்தில் ஒரு குறியும் மட்டுமே தெரிந்தன. எப்படியோ முயன்று விண்டோஸைத் திறந்தால், இருபது நிமிடத்திற்குள் நீலத்திரை தோன்றி அணைந்துபோயிற்று. மறுபடி திறந்தாலும் அதே கதைதான்.

செயலாளர் ஹாஜியார் கோபக்காரர் அல்லர். ஆனால் அன்று, “நல்லா ஓடிக்கிட்டிருந்த கம்ப்யூட்டர் ஹஜ்ரத். அவன் கை வச்சான், போச்சு” என்றார். இந்தச் சொல் ஊர் முழுக்கப் பரவ ஒரு நாள் போதுமானதாக இருந்தது. ஜும்ஆவில் கடைசி வரிசையில் நின்று, ஸலாம் கொடுத்ததும் எழுந்து போகத் தொடங்கினான் அந்தப் பிள்ளை. மூன்றாம் நாள் அவனுடைய வாப்பா என்னைத் தேடி வந்தார். தையல் கடை வைத்திருப்பவர். “என்ன செலவாகுதோ சொல்லுங்க ஹஜ்ரத். மொத்தமா முடியாது, மாசா மாசம் தந்துடுறேன்” என்றார்.

“கொஞ்சம் பொறுங்க பாய். என்ன பழுதுன்னே இன்னும் யாரும் பார்க்கல. தம்பிய நாளைக்கு லுஹருக்கு அப்புறம் அனுப்பி வைங்க” என்றேன்.

கணினி என் துறை அன்று. ஆயினும் ஹதீஸ் கலையைக் கற்றுக்கொடுப்பவனுக்கு ஒரு பழக்கம் உண்டு. அறிவிப்பாளர் வரிசையில் ஒவ்வொருவரையும் தனித்தனியே விசாரிக்காமல் எவர் மீதும் குறை சொல்லக் கூடாது. வெளிப்பார்வைக்குத் தெரியாத குறைபாட்டை ‘இல்லத்’ என்பார்கள். அதைக் கண்டறிய முஹத்திஸ்கள் கையாண்ட வழி, ஒரே செய்தி வந்த எல்லா வழிகளையும் ஒன்றுதிரட்டி அருகருகே வைத்துப் பார்ப்பது. எல்லா வழிகளிலும் அதே பிசகு தென்பட்டால், அந்த வழிகள் சந்திக்கும் பொதுவான இடத்தில் விசாரணையைத் தொடங்குவார்கள். மறுநாள் நாங்கள் இருவரும் செய்தது ஏறத்தாழ இதுவே.

முதலில், இரண்டு புகார்களைப் பிரித்தோம். கணினி சரியாகத் தொடங்கவில்லை என்பது ஒன்று. தொடங்கிய பின் இடையில் நின்றுவிடுகிறது என்பது மற்றொன்று. எல்லாரும் இவ்விரண்டையும் ஒரே பழுதாகவே பேசிக்கொண்டிருந்தார்கள்.

தொடங்காததன் காரணம் எளிதில் புலப்பட்டது. கணினியின் யுஇஎஃப்ஐ என்னும் அடிப்படை மென்பொருள், எந்த இயங்குதளத்தை முதலில் அழைப்பது என்று ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. உபுண்டு நிறுவப்படும்போது தன் பெயரை அதன் தலைப்பில் இட்டுக்கொள்கிறது. பின்னர் கிரப் என்னும் தொடக்க நிரல், லினக்ஸ் பகுதியில் உள்ள தன் அமைப்புக் கோப்பைத் தேடுகிறது. நிறுவுதல் பாதியில் நின்றதால் அந்தக் கோப்பு அங்கே இல்லை. ஆகவே அது வெறும் குறியைக் காட்டிக் காத்து நின்றது. பட்டியலில் விண்டோஸ் பூட் மேனேஜரை முதலிடத்திற்கு உயர்த்தியதும் விண்டோஸ் நேரே திறந்தது. ‘விண்டோஸ் அழிந்துவிட்டது’ என்று ஊர் சொன்னது உண்மையன்று.

அடுத்து நீலத்திரை. அதில் ஒவ்வொரு முறையும் ஒரு காரணச் சொல் தோன்றும். ஒருமுறை ‘மெமரி மேனேஜ்மென்ட்’ என்றது. மறுமுறை ‘பேஜ் ஃபால்ட் இன் நான்பேஜ்டு ஏரியா’ என்றது. மூன்றாம் முறை வேறொன்று. அதைப் பார்த்து மாணவன் சொன்னான்: “ஒரு டிரைவரோ ஒரு கோப்போ கெட்டிருந்தா பெரும்பாலும் ஒரே எரர்தான் திரும்பத் திரும்ப வரும் ஹஜ்ரத். இது ஒவ்வொரு தடவையும் மாறுது. ரேம்ல சந்தேகமா இருக்கு.”

சந்தேகம் சாட்சியாகாது அல்லவா? உபுண்டுவை நிறுவாமல் பென் டிரைவிலிருந்தே இயக்கினோம். அப்போது வன்தட்டில் உள்ள விண்டோஸும் இயங்காது, பாதியில் நின்ற உபுண்டுவும் இயங்காது. அப்படியிருந்தும் அரை மணி நேரத்தில் கணினி உறைந்தது. விண்டோஸிலும் நிற்கிறது, அதனோடு தொடர்பே இல்லாத மற்றோர் இயங்குதளத்திலும் நிற்கிறது. இரு வழிகளுக்கும் பொதுவாக இருப்பது இயந்திரம் மட்டுமே.

இயந்திரத்தில் முதலில் வன்தட்டைப் பார்த்தோம். உபுண்டுவின் டிஸ்க்ஸ் என்னும் செயலி, வன்தட்டு தானே பதிந்து வைக்கும் ‘ஸ்மார்ட்’ கணக்கைக் காட்டுகிறது. பழுதான பிரிவுகள் எதுவும் அதில் பதிவாகவில்லை. பிறகு மெம்டெஸ்ட்86+ என்னும் இலவச நிரலைப் பென் டிரைவில் ஏற்றி ஓடவிட்டோம். இது எந்த இயங்குதளத்தையும் சாராமல் தானே தொடங்கி, ரேமின் ஒவ்வோர் இடத்திலும் எழுதி, எழுதியதைத் திரும்பப் படித்துச் சரிபார்ப்பது. சில நிமிடங்களில் சிவப்பு வரிகள் வரத் தொடங்கின. நல்ல ரேமில் ஒரு பிழைகூட வரலாகாது. இங்கு எண்ணிக்கை ஏறிக்கொண்டே போயிற்று.

கணினியை அணைத்து, மின்கலத்தின் இணைப்பையும் கழற்றி, நான்கு ஜிபி ரேம் இரண்டையும் வெளியே எடுத்தோம். எங்களுடையது கடலோர ஊர். உப்புக்காற்றில் முனைகள் மங்கியிருக்கலாம் என்று அழிப்பானால் மெல்லத் துடைத்துப் பார்த்தோம். பலனில்லை. ஒவ்வொன்றாகப் போட்டுச் சோதித்தபோது ஒன்று பிழையின்றித் தேறியது. மற்றதை எந்த இடத்தில் செருகினாலும் பிழை காட்டியது. செருகும் இடத்தில் குறையில்லை, அந்த ஒரு துண்டுதான் பழுது என்பது உறுதியாயிற்று.

எனினும் ஒரு கேள்வி எஞ்சியிருந்தது. அந்த ரேம் எப்போது கெட்டது? நல்ல ரேமை மட்டும் வைத்து விண்டோஸைத் திறந்து, ரிலையபிலிட்டி மானிட்டர் என்னும் பகுதிக்குச் சென்றோம். கணினி எந்தெந்த நாளில் தடுமாறியது என்பதை விண்டோஸ் அங்கே நாள்வாரியாகக் குறித்து வைக்கிறது. மாணவன் கை வைத்த நாளுக்கு மூன்று வாரம் முன்பிருந்தே சிவப்புப் பெருக்கல் குறிகள் வரிசையாக நின்றன. எழுத்தரை அழைத்துக் கேட்டபோது, “ஆமா ஹஜ்ரத், நடுநடுவே அணைஞ்சுதான் போச்சு. பட்டனை அழுத்தி மறுபடி போட்டுக்கிட்டேன். இதையெல்லாம் போயி யார்ட்ட சொல்றது?” என்றார்.

ஆக, நிகழ்ந்தது தலைகீழ். உபுண்டுவை நிறுவப் போனதால் கணினி கெடவில்லை. கணினி ஏற்கெனவே கெட்டிருந்ததால்தான் உபுண்டு பாதியில் நின்றது. நிறுவும் பணி பெருமளவு தரவை ரேமின் வழியே இடைவிடாமல் கடத்துவது. சிறு வேலைகளில் அவ்வப்போது மட்டுமே தலைகாட்டிய பழுது, அந்தப் பெரும் பாரத்தில் தப்ப முடியாமல் வெளிப்பட்டுவிட்டது. ஒன்றன்பின் ஒன்றாக நடந்த இரண்டில் முன்னதைப் பின்னதற்குக் காரணமாக்குவது எவ்வளவு எளிது! அந்த எளிமைக்கு ஒரு தையல்காரரின் மாத வருமானமும் ஓர் இளைஞனின் மானமும் விலையாகப் போகவிருந்தன. ஒரு செய்தி வந்தால் தீர விசாரித்துத் தெளிய வேண்டும் என்று நாம் வகுப்பில் கற்றுக்கொடுக்கிறோம். கணினி முன் அமர்ந்த அன்று அது இன்னும் நெருக்கமாக விளங்கியது.

பிறகு செய்தவற்றையும் சொல்லிவிடுகிறேன். நல்ல ரேமுடன் பென் டிரைவ் உபுண்டுவில் ஏறி, விண்டோஸ் பகுதியை எழுத முடியாத நிலையில், படிக்க மட்டும் திறந்து, மாணவர்களின் ஹிஃப்ழு பதிவேடுகள் முதலான அனைத்தையும் வெளி வன்தட்டில் நகலெடுத்தோம். கெட்ட ரேமுடன் நகலெடுத்தால் நகலும் கெடக்கூடும் என்பதால்தான் அதுவரை காத்திருந்தோம். பழுது இருந்த வாரங்களில் சேமித்த இரண்டு வருகைப் பட்டியல்கள் திறக்கவில்லை. காகிதப் பதிவேட்டைப் பார்த்து அவற்றை மீண்டும் தட்டச்சு செய்தோம். புதிதாக வாங்கிய ரேமை ஓர் இரவு முழுவதும் சோதித்த பின்னரே உபுண்டுவை நிறுவினான். இம்முறை இடறில்லாமல் முடிந்தது.

நிர்வாகக் கூட்டத்தில் நான் அதிகம் பேசவில்லை. ரிலையபிலிட்டி மானிட்டரின் தேதிகளையும் மெம்டெஸ்டின் சிவப்பு வரிகளையும் கைப்பேசியில் எடுத்த படங்களாகக் காட்டினேன். ஹாஜியார் நெடுநேரம் பார்த்தார். பிறகு, “கூட்டத்துல சொன்னா மட்டும் பத்தாது. நான் அவன் வாப்பா கடைக்கே போயிட்டு வந்துடுறேன்” என்று எழுந்துவிட்டார். பழி எவ்வளவு தூரம் போயிற்றோ, அதைத் துடைக்கும் சொல்லும் அவ்வளவு தூரம் போக வேண்டும் என்பதை அவர் அறிந்திருந்தார்.

பழைய கணினியில் இரண்டாவது இயங்குதளம் நிறுவ எண்ணும் குடும்பத்தாருக்குச் சில சொற்கள். முதலில் ரேமையும் வன்தட்டையும் சோதியுங்கள். இரண்டும் தேறிய பின் கோப்புகளை வெளியே நகலெடுங்கள். வன்தட்டில் மட்டும் குறை தெரிந்தால் வேறெதற்கும் முன்பாக நகலெடுங்கள். புதிய கணினிகளில் பிட்லாக்கர் பூட்டு இருந்தால் அதன் 48 இலக்க மீட்பு எண்ணைத் தாளில் எழுதி வையுங்கள். தொடக்க அமைப்பை மாற்றும்போது அந்த எண்ணைக் கணினி கேட்கக்கூடும். அதன் பின்னும் ஏதேனும் கோளாறு நேர்ந்தால், கடைசியாகத் தொட்ட பிள்ளையைக் கேள்வி கேட்பதற்கு முன், அதற்கு முந்தைய ஒரு மாதம் அந்தக் கணினி எப்படி இருந்தது என்று வீட்டிலுள்ள எல்லாரிடமும் விசாரியுங்கள்.