அடுத்த ஃபால்அவுட்டில் தண்ணீர் வருமா?

(மூன்றாம் ஆண்டு, மின்னியல் துறை)

மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று பேரவை நண்பர்கள் கேட்டார்கள். கூடவே, "கவிதை மட்டும் வேணாம் மாப்ள, நட்பைப் பத்தியே பதினோரு கவிதை வந்து கெடக்கு" என்று ஒரு நிபந்தனை வேறு! ஆகவே, ஹாஸ்டலில் ஓயாமல் பேசி எல்லோரையும் நான் அறுத்துக்கொண்டிருக்கிற விஷயத்தையே எழுதிவிடுகிறேன். ஃபால்அவுட் என்னும் வீடியோ கேம். அதன் ஐந்தாம் பாகம் எப்படி வரவேண்டும் என்பதுதான் பொருள்.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக. கதைப்படி 2077 அக்டோபர் 23 அன்று அமெரிக்காவும் சீனாவும் அணுகுண்டு வீசிக்கொள்கின்றன. இரண்டு மணி நேரத்தில் உலகம் சுடுகாடு. கொஞ்சம் பேர் பூமிக்கு அடியில் கட்டிய நிலவறைகளில் தப்பிப் பிழைக்கிறார்கள். பல வருஷம் கழித்து அங்கிருந்து ஒருவர் வெளியே வருவார். அவர்தான் நாம். முதல் பாகம் 1997ல் வந்தது, நம்மில் யாரும் பிறக்காத காலம். நாலாம் பாகம் 2015 நவம்பரில் வந்தபோது நான் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் நாலாங் கிளாஸ். 2018ல் வந்த ஃபால்அவுட் 76 பலர் சேர்ந்து இணையத்தில் ஆடுகிற தனி வகை. வந்த புதிதில் கோளாறுகளுக்கே பேர் போனது, அதை விடுங்கள். ஐந்தாம் பாகத்துக்கு இன்னும் காத்திருக்கிறோம்.

எங்கள் ஊர் எம்.ரெட்டியபட்டி. அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கத்து வானம் பார்த்த பூமி. கரிசல் காடு, கண்மாய், கண்மாய்க்குள் சீமைக்கருவேலம். அப்பா போர் மோட்டார் ரிப்பேர் பார்ப்பவர். வைண்டிங் கட்டுவார், பேரிங் மாற்றுவார், சப்மெர்சிபிளைக் குழாயோடு மேலே தூக்குவார். நான் டிப்ளமோவில் மின்னியல் எடுத்ததற்கு அதுதான் காரணம். வேறு பெரிய லட்சியம் ஒன்றும் அப்போது கிடையாது.

நான் முதலில் ஆடியது அப்பாவின் போனில். ஃபால்அவுட் ஷெல்டர் என்று இலவசமாகக் கிடைக்கும். நாமே ஒரு நிலவறை கட்டி ஆட்களைக் குடிவைக்க வேண்டும். திரையின் மேலே மூன்று கோடு இருக்கும்: மின்சாரம், சாப்பாடு, தண்ணீர். தண்ணீர்க் கோடு இறங்கினால் ஆட்கள் மேல் கதிர்வீச்சு ஏறும். அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "இதுக்கு எதுக்குடா போனு? மோட்டார் போட்டியான்னு நம்ம வீட்டுத் தொட்டியப் போய்ப் பாரு" என்றார்.

பிறகு அக்காவுக்குப் பிளஸ் டூவில் கிடைத்த அரசு லேப்டாப் என் கைக்கு வந்தது. அதில் முதல் இரண்டு பாகமும் ஓடின. 2022ல் எபிக் ஸ்டோரில் மூன்றாம் பாகத்தை இலவசமாகக் கொடுத்தார்கள். எல்லா செட்டிங்கையும் குறைத்துவைத்து, லேப்டாப்புக்குக் கீழே டேபிள் ஃபேன் போட்டு அதையும் ஆடினேன். நாலாம் பாகத்தை மட்டும் அருப்புக்கோட்டையில் ஒரு நண்பன் வீட்டு கம்ப்யூட்டரில்தான் ஆட முடிந்தது. ஆடி முடித்த பிறகுதான் ஒன்று புரிந்தது. இந்தத் தொடரே தண்ணீரைப் பற்றியது!

முதல் பாகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 13ஆம் நிலவறையில் தண்ணீரைச் சுத்திகரிக்கும் எந்திரத்தின் வாட்டர் சிப் பழுதாகிவிடும். மாற்று சிப் கொண்டுவர நமக்குக் கெடு 150 நாள். இரண்டாம் பாகத்தில் அரோயோ என்ற கிராமம் வறட்சியில் காய்கிறது. ஊரைப் பிழைக்கவைக்கும் கருவியைத் தேடித்தான் கதாநாயகன் புறப்படுகிறான். 2008ல் வந்த மூன்றாம் பாகத்தில் வாஷிங்டன் நகரத்து ஆற்று நீரைக் கதிர்வீச்சு இல்லாமல் சுத்தம் செய்யும் பெரிய எந்திரம். 2010ல் வந்த நியூ வேகாஸில் சண்டையே ஹூவர் அணைக்காக. அணையைப் பிடித்தவனுக்கு மின்சாரமும் தண்ணீரும்.

முதல் பாகத்தில் ஓர் இடம் என்னால் மறக்க முடியாதது. அந்த வாட்டர் சிப் நெக்ரோபொலிஸ் என்ற இடிந்த நகரத்தின் அடியில் இருக்கிறது. மேலே வசிப்பவர்கள் கதிர்வீச்சில் தோல் உருகி, எண்பது வருஷத்துக்கு மேல் சாகாமல் கிடக்கிற மனிதர்கள். அவர்களுக்குத் தண்ணீர் வருவதே அந்தச் சிப்பால்தான். அதை எடுத்துக்கொண்டு போனால் எங்கள் நிலவறை பிழைக்கும், அவர்களுக்குத் தண்ணீர் நின்றுபோகும். எடுக்காவிட்டால் நேர்மாறு. என்ன செய்வீர்கள்?

மூன்றாவது வழி ஒன்று உண்டு. அங்கேயே ஒரு பழைய பம்ப் ஓடாமல் நிற்கிறது. சாக்கடைக்குள் கிடக்கிற உதிரிபாகங்களைத் தேடி எடுத்து வந்து, ரிப்பேர் என்கிற திறமை நமக்கு இருந்தால், அந்தப் பம்பை ஓடவைக்கலாம். அதற்குப் பிறகு சிப்பை எடுத்தாலும் அங்கே தண்ணீர் நிற்காது. துப்பாக்கி சுடுவதில் எவ்வளவு கெட்டிக்காரனாக இருந்தாலும் இந்த வழி திறக்காது. பம்ப் தெரிந்தவனுக்குத்தான் திறக்கும்! உலகத்தில் எத்தனையோ கேம் இருக்கிறது. எங்கள் அப்பாவைக் கதாநாயகனாக வைத்த ஒரே கேம் இதுதான் என்று அன்றைக்கு ராத்திரி எனக்குத் தோன்றியது.

மூன்றாம் பாகத்திலும் அந்தச் சாயல் உண்டு. மெகாடன் என்ற ஊரில் தண்ணீர் நிலையத்தைத் தனியாகப் பார்த்துக்கொள்ளும் ஒரு பெரியவர், ஊருக்குள் மூன்று இடத்தில் குழாய் ஒழுகுகிறது, சரிசெய்து தருவாயா என்பார். ஊர் வாசலுக்கு வெளியே ஒருவர் உட்கார்ந்து, போகிறவர் வருகிறவரிடமெல்லாம் நல்ல தண்ணீர் கேட்டுக்கொண்டிருப்பார். 2009ல் வந்த அதன் துணைப் பாகத்தில் சுத்திகரிப்பு எந்திரம் ஓடத் தொடங்கிவிடும். ஆனால் தண்ணீர் எல்லாருக்கும் போய்ச் சேராது! வண்டி போகவேண்டும், வழியில் கொள்ளை. உப்புத் தண்ணீர் ஊர்க்காரனுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. எங்கள் தெருவில் நல்ல தண்ணீர் வண்டி ஹாரன் அடித்தால் சாப்பிட்ட கையோடு குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடுவோம்.

இந்த மூன்றாம் பாகத்துக்கும் நம் நாட்டுக்கும் ஒரு தகராறும் உண்டு. 2008 அக்டோபரில், இந்தியாவின் கலாசார உணர்வுகளை மனத்தில் வைத்து இதை இங்கே வெளியிடப் போவதில்லை என்று மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. இன்ன காரணம் என்று விளக்கவில்லை. கேமில் வரும் இரட்டைத் தலை மாட்டுக்குப் 'பிராமின்' என்று பெயர். அதுதான் காரணம் என்று பத்திரிகைகள் ஊகித்தன. நம் நாட்டுக் கீர், ஓங்கோல் மாடுகளைக் கொண்டுபோய் அமெரிக்காவில் உருவாக்கிய பிராமன் என்றொரு மாட்டினம் இருக்கிறது, பெயர் அங்கிருந்து போயிருக்கலாம் என்பது என் எண்ணம். எங்கள் அப்பத்தா அந்த மாட்டைத் திரையில் பார்த்துவிட்டுக் கேட்டது வேறு: "ரெண்டு தலைன்னா ரெண்டு பங்கு கூளம் திங்குமே, பால் ரெண்டு பங்கு கறக்குமாடா?"

இப்போது நாலாம் பாகத்துக்கு வருவோம். என் வருத்தமே இங்கேதான். பார்க்க அழகு, பாஸ்டன் நகரமே கண்முன் நிற்கும். கதை, காணாமல் போன மகனைத் தேடுவது. ஊர்களை நாமே கட்டலாம். ஆளுக்கு ஒரு பங்கு சாப்பாடு, ஒரு பங்கு தண்ணீர் என்று கணக்கு. சரி, தண்ணீருக்கு என்ன செய்ய வேண்டும்? மண்தரை எங்கே இருந்தாலும் ஒரு கை பம்பை நட்டால் போதும். மூன்று பங்கு தண்ணீர், உடனே, வருஷம் முழுக்க! வற்றாது, உப்புக் கரிக்காது, வாஷர் தேயாது. மின்சாரப் பம்ப் வேண்டுமா? நாலு யூனிட் மின்சாரத்துக்குப் பத்துப் பங்கு தண்ணீர். நாலு யூனிட் என்றால் என்ன, வாட்டா கிலோவாட்டா? ஹெட் எத்தனை மீட்டர்? யாரும் கேட்கக் கூடாது.

நாம் கேட்போம். நொடிக்கு ஒரு லிட்டர் தண்ணீரை 90 மீட்டர் ஆழத்திலிருந்து மேலே ஏற்ற, கணக்குப்படி கிட்டத்தட்ட 880 வாட் வேண்டும். பம்பும் மோட்டாரும் சேர்ந்து ஐம்பது சதவீதத் திறன் என்று வைத்தால் இரண்டு மடங்கு, அதாவது சுமார் 2.4 ஹெச்.பி. கேமில் இது ஒன்றும் கிடையாது. ஜெனரேட்டர் வைத்த நாளிலிருந்து ஓடிக்கொண்டே இருக்கும். அப்பாவிடம் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "ஏண்டா, டீசலு யாரு ஊத்துறா?" என்றார். பதில் சொல்ல முடியவில்லை.

ரிப்பேர் என்ற திறமையையே நாலாம் பாகத்தில் எடுத்துவிட்டார்கள் என்பது இன்னொரு கொடுமை. மூன்றிலும் நியூ வேகாஸிலும் துப்பாக்கி தேயும், சரிசெய்ய வேண்டும். நாலில் துப்பாக்கி தேய்வதே இல்லை. "கேம்ல போய் வேலை பாக்கச் சொல்றியாடா, அதுக்குத்தான் வொர்க்‌ஷாப் கிளாஸ் இருக்கே" என்று என் ரூம்மேட் கேட்கிறான். அவன் சொல்வதிலும் நியாயம் உண்டு. பொழுதுபோக்கு எல்லாம் கஷ்டமாக இருக்கவேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் உலகம் அழிந்த பிறகு நடக்கிற கதையில் எதுவுமே பழுதாகாது என்றால் அப்புறம் அழிந்தது என்ன?

ஆகவே ஐந்தாம் பாகத்தில் எனக்கு வேண்டியது இதுதான். கிணறு வற்றவேண்டும். பக்கத்து ஊர் ஆழமாகப் போர் போட்டால் நம் ஊர்ப் பம்ப் காற்றை இழுக்க வேண்டும். ரிப்பேர் திறமை திரும்பி வரவேண்டும், அதை வைத்து மட்டும் திறக்கிற வழிகளும் வரவேண்டும். தண்ணீர்த் தகராறில் யார் பக்கம் நியாயம் என்று சுலபமாகச் சொல்ல முடியாதபடி இருக்கவேண்டும். நியூ வேகாஸில் அப்படி ஒன்று உண்டு. வெஸ்ட்சைடு என்ற ஏழைக் குடியிருப்பில் கூட்டுறவாகப் பயிர் செய்கிறார்கள். குத்தகைப் பண்ணைகளுக்குப் போகும் தண்ணீரை ரகசியமாகத் திருப்பித்தான் அந்தப் பயிர் பச்சையாக நிற்கிறது. அதை விசாரிக்க வந்தவனைக் கொன்றுவிட்டார்கள். நாம் உண்மையைச் சொன்னால் ஏழைகளின் பயிர் காயும், மறைத்தால் கொலைக்கு உடந்தை. மடைத் தகராறு பார்த்து வளர்ந்தவன் நான். இரண்டு தடவை ஆடி, இரண்டு விதமாக முடித்துப் பார்த்தேன். இரண்டுமே நிம்மதி தரவில்லை. அந்த மாதிரி வேண்டும்.

இடம் எங்கே என்றும் ரசிகர்கள் சண்டை போடுகிறார்கள். தொடரை அமெரிக்காவை விட்டு வெளியே கொண்டுபோகும் எண்ணம் இல்லை என்று அதன் இயக்குநர் டாட் ஹோவர்ட் 2024ல் சொல்லிவிட்டார். ஆனால் அதே ஆண்டு ஜூலையில் ரசிகர்கள் சிலர் தாங்களாகவே நாலாம் பாகத்தின் மேல் ஃபால்அவுட் லண்டன் என்று ஒரு முழு விளையாட்டையே கட்டி இலவசமாகக் கொடுத்தார்கள். மாற்றியமைக்கும் மென்பொருளை நிறுவனமே 2016ல் வெளியிட்டதால் அது முடிந்தது. ஐந்தாம் பாகத்தோடும் அந்த மென்பொருளைக் கொடுத்துவிட்டால் போதும். எங்கள் ஊரை நான் போட்டுக்கொள்கிறேன்!

எப்படிப் போடுவேன் என்று மனசுக்குள் வரைந்தே வைத்திருக்கிறேன். இருநூறு வருஷம் கழித்த எம்.ரெட்டியபட்டி. மேல்நிலைத் தொட்டியில் தூண் மட்டும் மிச்சம். கண்மாய்க் கரை இருக்கும். மண் கரையை அணுகுண்டு என்ன செய்துவிடும்? உள்ளே சீமைக்கருவேலம் நிற்கும். வெட்ட வெட்டத் துளிர்ப்பது, குண்டு போட்டால் மட்டும் செத்துவிடுமா! அதை வெட்டிக் கரிமூட்டம் போட்டு விற்கும் ஒரு கூட்டம். மடையைக் காவல் காக்கும் ஒரு கூட்டம். வறண்ட குண்டாற்று மணலில் ஊற்றுத் தோண்டும் கிழவி ஒருத்தி, அவளுக்கு மட்டும் எங்கே தோண்டினால் நல்ல தண்ணீர் என்று தெரியும். ஊர்க் கோடியில் ஒரு தகரக் கொட்டகை. அதற்குள் எரிந்துபோன ஒரு மோட்டார், கொஞ்சம் தாமிரக் கம்பி, பாதிக் கட்டிய வைண்டிங். கட்டிக்கொண்டிருந்த ஆள் இல்லை. ஆடுகிறவன் அங்கிருந்து தொடங்க வேண்டும்.

எப்போது வரும்? 2018ல் அறிவித்த எல்டர் ஸ்க்ரோல்ஸ் ஆறாம் பாகம் முடிந்த பிறகுதான் ஃபால்அவுட் 5 என்று 2022ல் டாட் ஹோவர்ட் சொன்னார். 2024 ஏப்ரலில் அமேசானில் தொலைக்காட்சித் தொடராக வந்து பேர் வாங்கியது, 2025 டிசம்பரில் அதன் இரண்டாம் பருவமும் தொடங்கியது. அதைப் பார்த்து கேமை அவசரமாகச் செய்துவிடக் கூடாது என்பதும் என் வேண்டுதல். மெதுவாக வரட்டும். ஆனால் அது வரும்போது நம் வகுப்பில் பாதிப் பேர் ஓசூரிலோ ஸ்ரீபெரும்புதூரிலோ ஷிப்டில் இருப்போம். நான் எங்கே இருப்பேன் என்று அப்பா கேட்பதில்லை. போன மாதம் லீவுக்குப் போனபோது புது வைண்டிங் மெஷினுக்கு விலை விசாரித்து ஒரு காகிதத்தில் எழுதிவைத்திருந்தார். அதைப் பற்றி ஒன்றும் பேசவில்லை, அலமாரியில் என் சர்ட்டிபிகேட் ஃபைலுக்கு மேலே வைத்திருந்தார்.

முதல் பாகத்தை ஆட விருப்பமுள்ள ஜூனியர் தம்பிகளுக்கு ஒரு வார்த்தை: பழைய லேப்டாப்பே போதும். ஆள் உருவாக்கும்போது ரிப்பேருக்குக் கொஞ்சம் புள்ளி ஒதுக்கிவையுங்கள். கெடு 150 நாள். ஹப் என்ற ஊரில் தண்ணீர் வியாபாரிகளுக்குக் காசு கொடுத்து நிலவறைக்கு வண்டி அனுப்பினால் இன்னும் 100 நாள் கூடும், ஆனால் எதிரிகளுக்கு நிலவறை இருக்கும் இடம் சீக்கிரம் தெரிந்துவிடும். அனுப்புவதா வேண்டாமா என்பதை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.