சரபருக்கு ஏது தும்பிக்கை?

பெங்களூரு மெட்ரோவின் பச்சைத் தடத்தில் யஷ்வந்த்பூருக்கு முந்தைய நிலையத்தின் பெயர் சாண்டல் சோப் ஃபாக்டரி. திருபுவனத்திலிருந்து முனைவர் பட்ட ஆய்வுக்காக இந்நகருக்கு வந்த மாணவி ஒருத்தி, அறிவிப்பில் அப்பெயரைக் கேட்கும்போதெல்லாம் அப்பாயியின் தகரப் பெட்டியை நினைத்துக்கொள்வாள். திருபுவனம் பட்டு நெசவுக்குப் பெயர்பெற்ற ஊர். அப்பாயியின் பெட்டியில் ஒவ்வொரு புடவையின் மடிப்புக்குள்ளும் மைசூர் சாண்டல் சோப்பின் உறையொன்று இருக்கும். சோப்பு கரைந்துபோன பின்னும் உறை எறியப்படுவதில்லை. அதன் மேல் அச்சிடப்பட்ட விலங்குக்குச் சிங்கத்தின் உடல், யானையின் தலை. அது சரபம் என்று பேத்தி எங்கோ படித்துவந்து சொன்னபோது அப்பாயி ஒப்புக்கொள்ளவில்லை. "சரபருக்கு ஏதுடி தும்பிக்கை? இது யாளி" என்று முடித்துவிட்டார்.

அப்படிச் சொல்லும் உரிமை அவருக்கு இருந்தது. மூன்றாம் குலோத்துங்கன் எழுப்பிய திருபுவனம் கம்பகரேசுவரர் கோயிலில் சரபேசுவரருக்குத் தனிச் சன்னதி உண்டு. இரணியனைக் கொன்ற பின்னும் தணியாத நரசிங்கத்தின் சினத்தைத் தணிக்கச் சிவன் எடுத்த வடிவம் அது: பறவையின் சிறகுகள், சிங்கத்தின் கூறுகள், மனித உருவின் சாயல். ஞாயிறுதோறும் அச்சன்னதியில் நின்ற ஒருத்தியிடம் யானைமுகச் சிங்கத்தைச் சரபம் என்று நம்பவைப்பது எளிதன்று.

கதை இத்துடன் நிற்பதில்லை. சரபத்தை அடக்க நரசிங்கம் இருதலைப் பறவையான கண்டபேருண்டமாக உருமாறியது என்பது வைணவ மரபின் மறுமொழி. சைவத்துக்கும் வைணவத்துக்கும் இடையிலான பெரும்பூசலின் தடம் இவ்விரு உருவங்களிலும் பதிந்திருக்கிறது. ஆனால் மைசூர் அரசின் சின்னத்திலும், அதைத் தழுவி அமைந்த இன்றைய கர்நாடக அரசின் சின்னத்திலும் நடுவே கண்டபேருண்டம் வீற்றிருக்க, இருபுறமும் யானைமுகச் சரபங்கள் அதைத் தாங்கி நிற்கின்றன. பகைவர்களையே காவலர்களாக நிறுத்திவைத்த அந்த அரசவைக் கலைஞன் யாராயினும் நகைச்சுவை உணர்வுடையவனாக இருந்திருக்க வேண்டும். சோப்பின் உறைக்கு வந்தபோது பூசலின் எச்சமும் இல்லை. அறிவு, துணிவு, வலிமை ஆகியவற்றின் கூட்டுக் குறியீடு என்பதே நிறுவனம் தரும் விளக்கம்.

உறைக்குள்ளிருந்த மணத்தின் வரலாறு போரில் தொடங்குகிறது. முதல் உலகப் போருக்கு முன் மைசூர்ச் சந்தனக் கட்டைகள் ஐரோப்பாவுக்கு, குறிப்பாக ஜெர்மனிக்குச் சென்று அங்கே தைலமாக வடிக்கப்பட்டன. 1914இல் போர் மூண்டதும் அவ்வழி அடைபட்டது. கட்டைகள் கிடங்குகளில் குவிந்தன. மன்னர் நான்காம் கிருஷ்ணராஜ உடையாரும் திவான் விசுவேசுவரய்யாவும் இங்கேயே தைலம் வடிப்பதென முடிவெடுத்தனர். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் பேராசிரியர்கள் சட்பரோவும் வாட்சனும் அதற்கான முறையை உருவாக்கினர். இலண்டனில் பயிற்சி பெற்றுத் திரும்பிய எஸ். ஜி. சாஸ்திரி அத்தைலத்தைச் சோப்புக்குள் நிலைநிறுத்தினார். 1916இல் தொடங்கியதாகச் சொல்லப்படும் அரசு சோப்புத் தொழிற்சாலையே, பின்னர் மைசூரிலும் சிமோகாவிலும் இருந்த சந்தனத் தைல ஆலைகளுடன் இணைக்கப்பட்டு, 1980இல் கர்நாடகா சோப்ஸ் அண்டு டிடர்ஜென்ட்ஸ் என்னும் நிறுவனமாயிற்று.

மாணவியின் ஆய்வு இத்தொழிற்சாலையைப் பற்றியதன்று. நறுமணப் பொருள்கள் தொன்மங்களை ஏன் நாடுகின்றன என்பதே அவள் கேள்வி, தொடக்கமோ அயர்லாந்து. அங்குள்ள பழங்கதைகளின் பெயரில் நறுமணத் தைலங்கள் விற்கப்படுகின்றன. ஈரக்கரி எரியும் புகை, கடலுப்பு, பாசி, ஹாத்தார்ன் என்னும் முள்மரத்தின் வெண்பூ ஆகியவை புட்டியில் அடைபட்டு ஒரு தேவதையின் பெயரையோ வீரனின் பெயரையோ ஏற்கின்றன. அவளை ஈர்த்தது புட்டியல்ல, அந்த முள்மரம். தனித்து நிற்கும் ஹாத்தார்ன் மாய மக்களுக்கு உரியது. அதை வெட்டுபவனுக்குக் கேடு வரும் என்பது அயர்லாந்து நாட்டார் நம்பிக்கை. 1999இல் கிளேர் கவுண்டியில் லட்டூன் என்னுமிடத்தில் நெடுஞ்சாலைக்காக அத்தகைய மரமொன்று அகற்றப்படவிருந்தது. கதைசொல்லி எடி லெனிஹன் அதை எதிர்த்து எழுதியும் பேசியும் வந்தார். மரம் தப்பியது, சாலை விலகிச் சென்றது.

இதிலிருந்து அவள் ஓர் அதிகாரத்தைத் திட்டமிட்டாள். கதை மரத்தைக் காக்கிறது என்பது அதன் மையக் கருத்து. இணையான இந்தியச் சான்று கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. சந்தன மரத்தைப் பாம்புகள் சுற்றிக்கிடக்கும் என்ற நம்பிக்கை வடமொழி இலக்கியத்திலும் நம் பாட்டிமார் வாய்மொழியிலும் உண்டு. முள்மரத்துக்கு மாய மக்கள், சந்தனத்துக்கு நாகம். நெறியாளருக்கும் ஒப்பீடு பிடித்திருந்தது. "சான்று மட்டும் கொண்டு வாங்க" என்றார்.

சான்று வேறு திசையில் இழுத்தது. நிற்கும் சந்தன மரம் மணப்பதில்லை. தைலம் உறைவது வைரக்கட்டையிலும் வேரிலும். வெளிப்புற வெண்கட்டைக்கு வாசனை இல்லை. பட்டைக்குள்ளும் வெண்கட்டைக்குள்ளும் பொதிந்த மணத்தைத் தேடிப் பாம்பு வருவானேன்? இந்த மரமே பிற செடிகளின் வேர்களில் தன் வேரைப் பொருத்தி உணவின் ஒரு பகுதியை உறிஞ்சும் பாதி ஒட்டுண்ணி. ஆயினும் கதை பொய் என்பது அவளை வருத்தவில்லை. மாய மக்களும் மெய்யல்லர். அக்கதைக்கு அஞ்சிக் கோடரியைக் கீழே வைத்தவன் ஒருவனாவது ஆவணத்தில் இருக்கிறானா என்பதே அவள் தேடியது.

கிடைத்தவை சட்டங்கள். 1792இல் திப்பு சுல்தான் சந்தனத்தை அரசுக்குரிய மரமாக அறிவித்தார். (தமிழில் இதை 'அரசமரம்' என்று சுருக்க வழியில்லை, அந்தப் பெயர் வேறொரு மரத்துக்குப் போய்விட்டது.) பின்வந்த ஆட்சிகள் அனைத்தும் அந்த உரிமையை விடாமல் பற்றிக்கொண்டன. உழவன் நிலத்தில் பறவை எச்சத்திலிருந்து தானாய் முளைத்தாலும் சந்தனம் அரசின் சொத்து. அது களவுபோனால் விசாரணை அவன் வாசலில் தொடங்கும். ஆகவே பலர் கன்றாக இருக்கும்போதே பிடுங்கி எறிந்தார்கள். 2001இல் கர்நாடக வனச் சட்டம் திருத்தப்பட்ட பிறகுதான் நிலத்துக்கு உரியவரே மரத்துக்கும் உரியவர் ஆனார். அதற்குள் காடுகளில் ஸ்பைக் நோயும் களவும் வேலையை முடித்துக்கொண்டிருந்தன. அந்தக் கால எல்லைக் காடுகளின் கதைகளில் வருவது நாகம் அல்ல, வீரப்பன். உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் பட்டியலில் இன்று சந்தனம் அழிவுக்கு இலக்காகக்கூடிய இனம்.

அதாவது மக்கள் அந்த மரத்துக்கு அஞ்சத்தான் செய்தார்கள். அந்த அச்சம் மரத்தை வாழவிடவில்லை. முள்மரம் யாருக்கும் உரியதாக இல்லாததால் கதைக்கு உரியதாயிற்று. சந்தனத்துக்கு உரிமையாளர் இருந்தார். அவருக்குக் கதை தேவைப்படவில்லை.

ஒரு மாலை, நூலகத்திலிருந்து திரும்பும் வழியில், வளாகத்துச் சந்தன மரமொன்றை அவள் முதன்முறையாக நின்று பார்த்தாள். அடிமரத்தைச் சுற்றி ஆள் உயரத்துக்கு முள்கம்பி சுற்றியிருந்தது. "ராத்திரியில வந்து அறுத்துட்டுப் போயிடறாங்கம்மா, காவல் இருந்தும்" என்றார் தருமபுரியிலிருந்து வந்து பணிபுரியும் காவலர். பாம்பு இருக்கும் என்று சொல்வார்களே என்று கேட்டாள். அவர் சிரித்தார். "பாம்பு இருந்தா நான் எதுக்கு?"

அதிகாரம் நீக்கப்பட்டது; நாற்பது பக்கம். லட்டூன் முள்மரத்தையும் 2002இல் எவரோ கிளை கிளையாக அறுத்தெறிந்ததையும், அது மறுபடி தளிர்த்ததையும் அடிக்குறிப்பாகச் சேர்க்க எண்ணி, அதையும் விட்டுவிட்டாள். நெறியாளர் ஆறுதல் சொல்லவில்லை. மறுக்கப்பட்ட கருதுகோளுடன் வரும் மாணவர்கள் குறைவு என்று மட்டும் சொன்னார். அந்தத் துறையில் அதைப் பாராட்டாகத்தான் கொள்ள வேண்டும்.

விடுப்பில் ஊருக்குப் போனபோது அப்பாயி இல்லை, மாசியில் காலமாகியிருந்தார். புடவைகளைப் பங்கிட அத்தைமார் பெட்டியைத் திறந்தார்கள். உறைகளைத் தனியே எடுத்துக் குப்பைக்கென்று ஒதுக்கினார்கள். மாணவி அவற்றில் ஒன்றை எடுத்து முகர்ந்தாள். பாச்சை உருண்டையின் நெடிதான் அடித்தது. யானைமுகத்தின் மேல் பென்சிலால், அப்பாயியின் கோணல் எழுத்தில், 'யாளி' என்று எழுதியிருந்தது.