யார் நிறுத்துவது?

நம் கழக இதழில் கவிதையும் சிறுகதையும் படித்துப் பழகிய நண்பர்கள், வேதியியல் பேசுவதற்காக என்னைப் பொறுத்தருள வேண்டும்.

இறுதியாண்டில் எனக்குக் கிடைத்த ஆய்வுத் தலைப்பு ஐசோபியூட்டிலீன். நான்கு கார்பன் கொண்ட வாயு. அதன் மூலக்கூறுகளை இரண்டிரண்டாக இணைத்தால் எட்டுக் கார்பன் கொண்ட திரவம் கிடைக்கும். அதனுடன் ஹைட்ரஜன் சேர்த்தால் ஐசோஆக்டேன். பெட்ரோலின் தரத்தை அளக்க 100 என்று வைத்திருக்கிறார்களே, அதே பொருள்தான். இணைத்து வைப்பது அமிலத்தின் வேலை. கசகசா போன்ற அமில ரெசின் மணிகளைத்தான் நான் பயன்படுத்தினேன்.

கேட்க எளிது. நடந்ததோ வேறு! எட்டு வேண்டும் என்றால் பன்னிரண்டும் பதினாறும் வந்து நின்றன. ரெசினில் உள்ள ஈரம்தான் கோளாறு என்று நானாகவே முடிவுகட்டி, அதை மேலும் காயவைத்தேன். நிலைமை இன்னும் மோசமானது. ஐந்து வாரம் போய்விட்டது. மோசமான முடிவுகளை மட்டும் அறிக்கையில் சேர்க்காமல் விட்டுவிடலாமா என்றுகூடத் தோன்றியது. இன்று அதை ஒப்புக்கொள்கிறேன்.

அந்த வார இறுதியில் கிள்ளானுக்கு வீடு திரும்பினேன். அப்பாவுக்கு மோட்டார் சைக்கிள் டயர் ஒட்டும் கடை. "அந்த லேப்புல அப்படி என்னம்மா செய்யிற?" என்று கேட்டார். தமிழ்ப்பள்ளியில் படித்தவள் நான்; ஆனாலும் தமிழில் ஒரு வார்த்தை வரவில்லை! கடைசியில் பிள்ளைகளின் ரயில் விளையாட்டைச் சொன்னேன். அமிலம் ஒரு பிள்ளையிடம் புரோட்டானைக் கொடுக்கும். வாங்கிய பிள்ளை அடுத்தவன் கையைப் பிடிக்கும்.

"சரி, ரெண்டு பேரோட ஏன் நிக்கணும்? யாரு நிறுத்துறது?"

என்னிடம் பதில் இல்லை. இரவெல்லாம் அதே கேள்வி. இணைந்த ஜோடி புரோட்டானைத் திருப்பிக் கொடுத்தால் ஆட்டம் முடிந்தது. கொடுப்பதற்குள் மூன்றாமவனைப் பிடித்துவிட்டால் பன்னிரண்டு. ரெசினைக் காயவைக்கக் காயவைக்க, அமிலத்தின் வீரியத்தை நானே கூட்டிக்கொண்டிருந்தேன்! அதை அடக்க வேண்டும். கொஞ்சம் டெர்ட்-பியூட்டனால் சேர்த்தால் அது அமில இடங்களில் போய் அமர்ந்துகொள்ளும். வேகம் குறையும், ஆனால் பெரும்பகுதி எட்டிலேயே நிற்கும். ஆய்வுக் கட்டுரைகளில் ஏற்கெனவே இருந்த செய்திதான். நான்தான் படிக்கவில்லை.

அப்படியே செய்தேன், எட்டு வந்தது. பழைய தோல்விகளையும் ஓர் அட்டவணையாக அறிக்கையில் சேர்த்தேன். 'ஏ' கிடைக்கவில்லை.

அறிக்கை எழுதும்போதுதான் இன்னொன்றைப் படித்தேன். இதே ஐசோபியூட்டிலீனைச் சுழியத்துக்குக் கீழே 100 டிகிரி அளவுக்குக் குளிர்வித்து, அலுமினியம் குளோரைடு சேர்த்தால், புரோட்டானைத் திருப்பிக் கொடுப்பது அரிதாகிவிடும். ஆயிரக்கணக்கானவர்கள் கைகோத்துவிடுவார்கள். 1937-இல் அமெரிக்காவில் ஸ்பார்க்ஸ், தாமஸ் என்ற இருவர் அதில் சிறிது ஐசோப்ரீனும் கலந்து பியூட்டில் ரப்பரை உருவாக்கினார்கள். காற்று எளிதில் கசியாது என்பதால் டயர் டியூப்புக்கு அதுவே ஏற்றதாயிற்று.

உடனே அப்பாவுக்குத் தொலைபேசியில் சொன்னேன்.

"அப்ப, நான் ஒட்டுறதும் நீ படிக்கிறதும் ஒண்ணுதானா?"

"ஒண்ணுதான்பா."

சற்று நேரம் பேச்சில்லை. பிறகு, "சரிம்மா, கடைக்கு ஆள் வந்திருக்கு" என்று வைத்துவிட்டார்.